கேன்டர்பரியில் ஒரு நாள்: கோபுரமும் கடைத்தெருவும்

போன மாதம் இங்கிலாந்துக்கு என்ன துணிமணி எடுத்து வரலாம் என்று எழுதும்போது, போகிற போக்கில் "லண்டனோடு நிறுத்திவிடாதீர்கள், கேன்டர்பரிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். நர்ஸ் வேலைக்காக நான் கென்ட் மாவட்டத்துக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிப்போவது கேன்டர்பரிக்குத்தான். அதனால் இந்த முறை பதில்கள் எல்லாமே அந்த ஊருக்கே.

கேள்வி: மகள் குராய்டனில் இருக்கிறாள். நானும் கணவரும் சம்பந்தி அம்மாவும் ஜூன் மாதம் வருகிறோம். கணவருக்குப் பழைய கட்டடம் பார்க்க வேண்டும். எனக்கும் சம்பந்திக்கும் கடைக்குப் போக வேண்டும். ஒரே நாளில் இரண்டும் முடியுமா? எந்தக் கிழமை நல்லது?
— மதுரை வாசகி

முடியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். ஞாயிறு காலையில் ஊர் நடுவில் இருக்கும் பேராலயத்தில் (பழைய பெரிய தேவாலயம், கத்தீட்ரல் என்பார்கள்) வழிபாடு நடக்கும், சுற்றிப் பார்க்க வருபவர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று 1994-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். எனக்கு இது தெரியாத காலத்தில், என் அம்மாவை ஒரு ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கூட்டிப்போய் இறக்கினேன். கோயிலும் திறக்கவில்லை, கடையும் திறக்கவில்லை. குளிரில் ஒரு காபிக் கடை வாசலில் நின்றோம். சனிக்கிழமை நடக்க இடமிருக்காது. செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் ஒரு நாளைப் பாருங்கள்.

உங்கள் மகள் வீட்டிலிருந்து லண்டன் விக்டோரியா ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கேன்டர்பரி ஈஸ்ட் போகும் ரயிலைப் பிடிக்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கூடக் கொஞ்சம் பணம் போனால் பரவாயில்லை என்றால், லண்டனின் இன்னொரு ஸ்டேஷனான செயின்ட் பாங்க்ரஸிலிருந்து வேக ரயிலில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்தில் கேன்டர்பரி வெஸ்டில் இறக்கிவிடும். மூன்று பேர் சேர்ந்தே போகிறீர்கள் என்பதால், காலை நெரிசல் நேரம் முடிந்தபின் கிளம்பும் ரயிலுக்கு 'குரூப்சேவ்' என்று கேளுங்கள். டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

என்னைக் கேட்டால் வெஸ்ட் ஸ்டேஷன்தான். அங்கே இறங்கினால்தான் ஊருக்குள் நுழைய வேண்டிய வழியில் நுழைவீர்கள். செயின்ட் டன்ஸ்டன் தெருவில் நடந்தால் எதிரே வெஸ்ட்கேட் நிற்கும். 1380 வாக்கில் கட்டிய கோட்டை வாசல், அறுபது அடி உயரம். இங்கிலாந்தில் மிச்சமிருக்கும் நகர வாசல்களில் இதுதான் பெரியது. அதைத் தாண்டினால் ஆற்றுப் பாலம், பாலத்தை ஒட்டி நெசவாளர் வீடு, அப்புறம் ஹை ஸ்ட்ரீட். இடது பக்கம் மெர்சரி லேன் என்று ஒரு சந்து வரும். அதில் திரும்பிவிடுங்கள்.

இந்தச் சந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோயில் ஒரு வேலை, கடை ஒரு வேலை என்று பிரித்து நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் அது இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தது. நான் கும்பகோணத்துக்காரி. கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போகும் மண்டபத்தில் இரண்டு பக்கமும் குங்குமமும் பாத்திரமும் பொம்மையும் விற்கும் கடைகளைத் தாண்டித்தான் சுவாமியிடம் போவோம். மெர்சரி லேனில் முதல் தடவை நின்றபோது எனக்கு அந்த மண்டபம்தான் ஞாபகம் வந்தது. சந்து அவ்வளவு குறுகல். மேல் மாடிகள் தெருவுக்கு மேலே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சந்து முடியும் இடத்தில் கிறிஸ்ட் சர்ச் கேட் என்னும் அலங்கார வாசல், அதற்குப் பின்னால் பேராலயக் கோபுரம்.

1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட்டை அரசன் இரண்டாம் ஹென்றியின் நான்கு வீரர்கள் இந்தப் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். மூன்றே வருடத்தில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அப்புறம் ஐரோப்பா முழுவதிலிருந்தும் யாத்ரீகர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு விற்கத்தான் இந்தச் சந்துக் கடைகள். தகரமும் ஈயமும் கலந்து வார்த்த சின்ன வில்லை, புனிதரின் பெயரால் தரும் தீர்த்தத்தை அடைத்துக்கொள்ளக் கட்டைவிரல் அளவு குப்பி. வில்லையைத் தொப்பியில் குத்திக்கொண்டு ஊர் திரும்புவார்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றுச் சேற்றைக் கிளறும்போது இந்த வில்லைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன.

கொலைக்கு நான்கு வருடம் கழித்து அதே ஹென்றி, பிராயச்சித்தமாக, செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்திலிருந்து பேராலயம்வரை வெறுங்காலோடு நடந்தான். நீங்கள் ஸ்டேஷனிலிருந்து நடப்பதும் அந்த வழிதான். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். கடைத்தெரு வழியாகப் போவதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

காலையில் பேராலயம், மதியம் சாப்பாடு, பிறகு கடை. நிறையக் கடைகளை ஐந்து, ஐந்தரைக்கே அடைத்துவிடுவார்கள். அது உங்களுக்கு நல்லதுதான். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபை. கேன்டர்பரி பேராலயத்தைப் பார்ப்பது என் தகப்பனாரின் ஆசை. அவரால் முடியவில்லை, நான் போகிறேன். உள்ளே எதையெல்லாம் தவறவிடக் கூடாது?
— பாளையங்கோட்டை வாசகர்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தகப்பனாருக்காகவும் சேர்த்துப் பார்க்கப் போகிறீர்கள், அதனால் நிதானமாகப் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் நீண்ட பெரிய கூடம். அதன் தரையில் திசைகாட்டி வடிவத்தில் ஒரு சின்னம் பதித்திருக்கும். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த உலகத்து ஆங்கிலிக்கன் சபைகளின் சின்னம் அது. 1988-ல் பதித்தார்கள். கிரேக்க எழுத்தில் அதைச் சுற்றி எழுதியிருப்பது உங்களுக்கு மனப்பாடமான வசனம்தான்: "சத்தியம் உங்களை விடுதலையாக்கும்." தென்னிந்தியத் திருச்சபையும் அந்தக் குடும்பத்தில் ஒன்று. அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

இடது பக்கம் போனால் பெக்கெட் கொல்லப்பட்ட இடம். சிலுவையும் கூரிய வாள்களும் சுவரில் மாட்டியிருக்கும், விளக்கொளியில் வாளின் நிழல் சுவரில் விழும். அங்கிருந்து மேலே ஏறுங்கள். யாத்ரீகர்கள் முழந்தாளிட்டு ஏறிய கல்படிகள் நடுவில் குழிந்துபோயிருக்கும். என் அம்மா குனிந்து அந்தக் குழியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை பேர் வேண்டிக்கிட்டாங்களோ" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

படியேறினால் திரித்துவச் சிற்றாலயம். 1220 முதல் 1538 வரை பெக்கெட்டின் சமாதி அங்கேதான் இருந்தது. எட்டாம் ஹென்றி அதை இடிக்கச் சொல்லி, அதன் பொன்னையும் மணியையும் அள்ளிக்கொண்டுபோனான். இப்போது வெறும் தரையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. மற்றபடி அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அதைச் சுற்றியிருக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். அற்புத ஜன்னல்கள் என்பார்கள். ராஜா ராணி கதை இல்லை, நம்மைப் போன்ற மனிதர்களுக்கு நோய் தீர்ந்த கதைகள். தவளைமேல் கல்லெறிந்து விளையாடும்போது மெட்வே ஆற்றில் விழுந்து மூழ்கிய ஒரு சிறுவன் இருக்கிறான். ஆறும் தவளையும் கல்லும் கண்ணாடியில் அப்படியே தெரியும். நான் மெட்வே பக்கம் குடியிருப்பவள், அவனை ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

இன்னொரு ஜன்னல் முழுக்க ஒரே குடும்பத்தின் கதை. ஜோர்டன் என்ற பிரபுவின் வீட்டில் கொள்ளைநோய் புகுந்தது. முதலில் பிள்ளையை வளர்த்த தாதி இறந்தாள், பிறகு பத்து வயது மகன் இறந்தான். கேன்டர்பரியிலிருந்து திரும்பிய யாத்ரீகர்கள் கொடுத்த தீர்த்தத்தை வாயில் விட்டதும் பிள்ளை எழுந்தான். தவக்காலத்தின் நடுவில் சமாதிக்கு வந்து காணிக்கை செலுத்துவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். ஆனால் போகவில்லை. அடுத்த ஊரில் இருந்த ஒரு தொழுநோயாளியின் கனவில் புனிதர் வந்து எச்சரித்தார், அப்போதும் போகவில்லை. மூத்த மகன் இறந்தான். வீட்டில் எல்லாரும் படுத்த படுக்கை ஆனார்கள். கடைசிக் காட்சியில் அந்தப் பெற்றோர் பொன்னும் வெள்ளியுமாகக் காசைச் சமாதிமேல் கொட்டுகிறார்கள். நீங்கள் பொருத்தனை என்பீர்கள், எங்கள் பக்கம் நேர்த்திக்கடன் என்போம். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் நடந்ததாகச் சொல்லும் இந்தக் கதையை என் அம்மாவுக்கு நான் விளக்கவே தேவைப்படவில்லை. பாதியிலேயே முடிவைச் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தியதால்தான் இன்று பார்க்கிறோம். கையோடு சின்ன பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். மேலே இருக்கும் காட்சிகள் வெறும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது.

எல்லாவற்றுக்கும் மேல், மாலை 5.30-க்கு வார நாட்களில் ஈவன்சாங் என்னும் பாடல் வழிபாடு நடக்கும். வழிபாட்டுக்கு வருபவர்களுக்குக் கட்டணம் கிடையாது, வாசலில் ஈவன்சாங்குக்கு என்று சொன்னால் போதும். கடைகள் சாத்தும் நேரமும் அதுதான், அதனால் மதுரை அம்மா, நீங்களும் பைகளோடு வந்து உட்காரலாம். பிள்ளைகளின் குரல் கல் கூரையில் ஏறித் திரும்பி வருவதைக் கேட்க மொழி தெரிய வேண்டியதில்லை. அன்றைய நேரத்தைப் பேராலயத்தின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் வெளியூர்ப் பாடகர் குழு பாடும்.

இன்னொன்று. 2025 அக்டோபரில், இங்கிலாந்துத் திருச்சபையின் மிக உயர்ந்த ஆயர் பதவியான கேன்டர்பரி பேராயர் பதவிக்கு முதல்முறையாக ஒரு பெண்ணின் பெயரை அறிவித்தார்கள், சாரா முலாலி. அவர் முன்பு நர்ஸ், இங்கிலாந்தின் தலைமை நர்ஸிங் அதிகாரியாகவும் இருந்தவர். செய்தி வந்த அன்று எங்கள் வார்டில் எல்லாரும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம்.

கேள்வி: செருப்பைக் கழற்ற வேண்டுமா? புடவை கட்டிக்கொண்டு போகலாமா?
— சேலம் வாசகி

செருப்பைக் கழற்றக் கூடாது, கல் தரை ஐஸ் மாதிரி இருக்கும். ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். புடவை தாராளமாகக் கட்டலாம். தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது என்பதால் புடவைக்கும் தட்டையான ஷூதான் சரி. ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அக்கா, லண்டனில் கிடைக்காததாக அங்கே என்ன வாங்கலாம்? பில் காட்டினால் ஏர்போர்ட்டில் வாட் வரியைத் திருப்பித் தருவார்கள் என்று தோழி சொன்னாள். உண்மையா?
— கோயம்புத்தூர் வாசகி

தோழி சொன்னது பழைய கதை. 2021 ஜனவரி 1 முதல் இங்கிலாந்தில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். கடைக்காரரே நேராக வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பினால் மட்டும் வரி இல்லாமல் விற்கலாம். கையில் எடுத்துவரும் பொருளுக்குக் கிடையாது. அதனால் விலைச்சீட்டில் போட்டிருப்பதுதான் விலை என்று கணக்குப் போடுங்கள்.

ஊரின் கிழக்குப் பக்கம் வொயிட்ஃபிரையர்ஸ் என்று பெரிய கடை வளாகம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஏன் எல்லாம் புதுக் கட்டடமாக இருக்கிறது என்று பார்த்தவுடன் தோன்றும். 1942 ஜூன் 1 அதிகாலை ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் அந்தப் பகுதி எரிந்துபோனது. பேராலயத்தின் கூரையில் காவல் இருந்தவர்கள் எரிகுண்டுகளை எடுத்துக் கீழே தள்ளிக்கொண்டே இருந்ததால் அது தப்பியது. கடைகளுக்கு நடுவே ஒரு மணிக்கூண்டு மட்டும் தனியாக நிற்கும், செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். அதைப் பார்க்க அந்தப் பக்கம் போங்கள். கடைகள் என்று பார்த்தால், பெரும்பாலும் லண்டனில் இருப்பவைதான் அங்கேயும். உள்ளூர்க்காரர்கள் மாதிரி ஒரு பெரிய கடைக்குப் போக வேண்டும் என்றால் ஃபென்விக்.

நான் நேரம் செலவழிப்பது வேறு பக்கம். பேராலய வாசலிலிருந்து வடக்கே பேலஸ் ஸ்ட்ரீட் வழியாகப் போகும் தெருக்களுக்குக் கிங்ஸ் மைல் என்று பெயர். சின்னச் சின்னத் தனிக் கடைகள், முதலாளியே கல்லாவில் இருப்பார். தெரு முடியும் இடத்தில் பதினேழாம் நூற்றாண்டு வீடு ஒன்று அப்படியே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கதவையும் அந்தச் சாய்வுக்கு ஏற்ற மாதிரி கோணலாகவே செய்து மாட்டியிருக்கிறார்கள். நான் போனபோது உள்ளே பழைய புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பேராலயத்தின் கடையில் யாத்ரீகர் வில்லை மாதிரி ஈயச் சாயலில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். சாவிக்கொத்து, ஃப்ரிட்ஜ் காந்தம் எல்லா ஊரிலும் கிடைக்கும். வில்லை இந்த ஊருக்கே உரியது.

சாப்பிடும் பொருள் வேண்டுமென்றால் வெஸ்ட் ஸ்டேஷனுக்கு அடுத்தாற்போல் குட்ஸ் ஷெட். பழைய ரயில்வே சரக்குக் கொட்டகையைச் சந்தையாக்கியிருக்கிறார்கள். திங்கள் விடுமுறை. கென்ட் பழத்தோட்டத்துக்குப் பேர்போன மாவட்டம். ஜூன் கடைசியில் வந்தால் செர்ரி, செப்டம்பரில் ஆப்பிளும் காப்நட் என்ற பச்சைக் கொட்டையும். காப்நட்டை உடைத்து மென்றால் பச்சை வேர்க்கடலையும் இளம் தேங்காயும் சேர்ந்த மாதிரி இருக்கும். ரயில் ஏறும்முன் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தரும நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகள். நம் ஊரில் பழைய துணி வாங்குவதைக் குறைவாக நினைப்போம், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அம்மா அக்டோபரில் வந்தாள். கைத்தறிப் புடவைமேல் மெல்லிய ஸ்வெட்டர், உதடெல்லாம் நீலம். அப்படி ஒரு கடையில் அடர்நீலக் கம்பளிக் கோட்டு கிடைத்தது, பதினான்கு பவுண்டு. உள்பையில் மடித்து வைத்த வெள்ளைக் கைக்குட்டை, ஓரத்தில் நீல நூலில் ஒரு எழுத்து தைத்திருந்தது. அம்மா அதைக் கடைக்காரப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் சிரித்து, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று மறுபடியும் அதே பையில் வைத்தார். அந்தக் கோட்டு இப்போது கும்பகோணத்தில் பீரோவில், பாச்சை உருண்டை போட்டு, கைக்குட்டையோடு இருக்கிறது. ஊட்டிக்கு ஒருமுறை போட்டுக்கொண்டு போனாள்.

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது, முழங்கால் வலி. அவரைக் கூட்டிப்போவது சரியா? சுத்த சைவம் வேறு.
— திருச்சி வாசகி

கூட்டிப்போங்கள். ஊர் சின்னது, ஸ்டேஷனிலிருந்து பேராலயத்துக்குப் பதினைந்து நிமிட நடைதான், ஆனால் அவருக்கு அதுவும் மிச்சம் பிடிக்க வேண்டும். ஸ்டேஷனில் டாக்ஸி எடுங்கள். காரில் வருவதாக இருந்தால் ஊருக்கு வெளியே வின்சீப் அல்லது நியூ டோவர் ரோடு பார்க் அண்ட் ரைடில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வாருங்கள். உள்ளே நிறுத்த இடம் தேடி அலைவது வீண். பேராலயத்துக்குள் படிகள் அதிகம். நுழைந்ததும் உதவிக்கு நிற்பவர்களிடம், படி குறைவான வழி எது என்று கேளுங்கள், கூடவே வந்து காட்டுவார்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று இழுக்காதீர்கள். பெரிய கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, மேலே பெல் ஹாரி என்னும் நடுக் கோபுரத்தின் உள்கூரையை மட்டும் காட்டினாலே போதும். விசிறி விரித்த மாதிரி கல்லில் செய்திருக்கிறார்கள்.

மதியம் அவர் ஓய்வெடுக்க ஹை ஸ்ட்ரீட்டில் பீனி என்னும் அருங்காட்சியகம் இருக்கிறது. நூலகமும் அதற்குள்ளேயே. அனுமதி இலவசம். நீங்கள் கடை சுற்றும் வரை அவர் நிம்மதியாக உட்காரலாம். வெயில் இருந்தால் நெசவாளர் வீட்டுப் பக்கமிருந்து படகில் கூட்டிப்போங்கள். துடுப்புப் போடுபவரே கதையும் சொல்லுவார். ஒரு பாலத்தின் அடியில் எல்லாரும் தலையைக் குனிய வேண்டும். ஏறி இறங்கும்போது மட்டும் கை கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு, வேகவைத்த முழு உருளைக்கிழங்கைப் பிளந்து பீன்ஸும் சீஸும் போட்டுத் தரும் ஜாக்கெட் பொட்டேட்டோ எல்லா காபிக் கடையிலும் உண்டு. சிப்ஸ் வாங்கும்போது மீன் பொரித்த எண்ணெயா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அதே எண்ணெய்தான். சீஸிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பது உண்டு, உறையில் சைவக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். என் மாமியார் வந்தபோது தயிர்சாதமும் நார்த்தங்காயும் கட்டிக்கொண்டு போய் வெஸ்ட்கேட் பூங்காவில் ஆற்றோரம் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாத்துதான் பக்கத்தில் வந்து நிற்கும்.

இனிப்புக்கு ஜிப்சி டார்ட் என்று கேளுங்கள், கென்ட்டுக்கே உரியது. சுண்டிய பாலையும் நாட்டுச்சர்க்கரை மாதிரியான பழுப்புச் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, மாவுக் கிண்ணத்தில் ஊற்றிச் சுடுவார்கள். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், வெண்ணெயில் செய்வதும் உண்டு. திரட்டுப்பால் பிடிக்கும் என்றால் உங்கள் மாமியாருக்கு இதுவும் பிடிக்கும்.

கேள்வி: கேன்டர்பரியில் படிக்க வந்திருக்கிறேன். கையில் காசு குறைவு. ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். செலவில்லாமல் என்ன காட்டலாம்?
— ஒரு மாணவர்

தம்பி, நகர மதில்மேல் கூட்டிப்போங்கள். அடித்தளம் ரோமானியர் போட்டது. டேன் ஜான் பூங்காவில் ஏறி மதில்மேலேயே நடக்கலாம், அங்கிருக்கும் மேட்டின் உச்சியில் நின்றால் ஊரும் பேராலயமும் ஒரே பார்வையில் தெரியும். பிறகு வெஸ்ட்கேட் பூங்கா, பீனி, மெர்சரி லேன். மாலையில் ஈவன்சாங். முடிந்து வெளியே வரும்போது கடைத்தெருவில் கூட்டம் குறைந்திருக்கும், குளிர்காலமாக இருந்தால் கோபுரத்தில் விளக்கும் போட்டிருப்பார்கள். அப்போது அப்பா அம்மாவை வாசலில் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுங்கள்.